மூன்றாவது அழைப்பு

பதிவு 61. காலை 7.10

நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது பாறை ஆய்வாளர் ஆவுடை. காற்று, நீர், மின்சாரம் எல்லாம் சரி. இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆள் சங்கிலி அண்ணன். மேட்டுக்கு அப்பால் சாய்ந்துவிட்ட ஆன்டெனாவை நிமிர்த்த வண்டியில் கிளம்பிவிட்டார். மாலைக்குள் வந்துவிடுவார்.

போகிற வழியில் ரேடியோவில் வழக்கமான உபதேசம்: "ஏ பிள்ள, மூணு தடவ கூப்பிட்டாத்தான் நான். அதுக்கு முந்தி வாயத் தொறக்காத. பேய் மூணு தடவ கூப்பிடாது."

இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊர்ப் பேயை நிலவு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பதிவு 62. பகல் 11.40

கேலியாக எழுதிவிட்டேன். படிப்பவர் எங்களைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். நிலையம் இருக்கும் இந்தப் பள்ளம் எங்கள் ரேடியோப் பேச்சைப் பிடித்துவைத்து நேரங்கெட்ட நேரத்தில் திருப்பி அனுப்புகிறது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை கேட்கும், மிஞ்சினால் இருமுறை. முந்தைய குழுவில் தேவசகாயம் என்பவர் அப்படியொரு குரலுக்குப் பதில் சொல்லி, கூப்பிட்ட நண்பரைத் தேடி வெளியே போனார். நண்பர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தேவசகாயம் திரும்பவில்லை.

அதனால்தான் மூன்று என்பது எங்கள் விதி.

பதிவு 63. பிற்பகல் 3.05

ஸ்பீக்கரில் அண்ணன் குரல்: "ஆவுடை."

கை சுவிட்சுக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து மறுபடி: "ஆவுடை, பிள்ள." அதோடு சரி.

மூன்றாவது வரவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டீ போட்டேன், ஆறிப்போய்விட்டது. வெறும் எதிரொலிக்கு இவ்வளவு படபடப்பா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பதிவு 64. மாலை 4.20

பதிவானதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டாவது அழைப்புக்குப் பின்னால் கீங் கீங் என்று ஒரு சத்தம். காற்று தீரப்போகும்போது விண்வெளி உடை எழுப்பும் எச்சரிக்கை அது. நாங்கள் வந்ததிலிருந்து அண்ணனின் உடை ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. பழைய பேச்சில் அது எப்படி வரும்?

அது எதிரொலி இல்லை. அண்ணனேதான் கூப்பிட்டிருக்கிறார். நான் கூப்பிட்டால் இப்போது பதில் இல்லை. இரண்டாவது வண்டியை எடுக்கிறேன்.

பதிவு 65. இரவு 8.30

மேட்டுச் சரிவில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. அவர் கால் அதனடியில் மாட்டியிருந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ரேடியோ பேட்டரி தீர்ந்திருந்தது. விரல் மட்டும் சுவிட்சை விடவில்லை. மூன்றாவது தடவைக்குத்தான் அழுத்தியிருக்கிறார்.

முதல் குரலுக்கே என்னவென்று கேட்டிருந்தால் மாற்று சிலிண்டரோடு போய்ச் சேர்ந்திருப்பேன். நான் பாவி. கேட்டுக்கொண்டே சும்மா இருந்தேன்.

அவர் உடலைச் சரக்கு அறையில் கிடத்தியிருக்கிறேன். அவருடைய ரேடியோவைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

பதிவு 66. காலை 6.00

ஸ்பீக்கரில்: "ஆவுடை."

எதிரொலி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த அழைப்பில் எச்சரிக்கைச் சத்தம் இல்லை. மூச்சிரைப்பும் இல்லை. நேற்று வராமல் போன மூன்றாவது இது.

சரக்கு அறைக்குப் போய்ப் பார்த்தேன். கிடத்தியபடியே இருக்கிறார். ரேடியோவும் மேசைமேல்தான் இருக்கிறது. விதிப்படி மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது அவர்தான். விதியை வகுத்தவரும் அவர்தான்.

சுவிட்சை அழுத்தினேன். "சொல்லுங்கண்ணே, இங்கனதான் இருக்கேன்."

"ஏன் பிள்ள இம்புட்டு நேரம்?"

வெளிக்கதவின் விளக்கு எரிகிறது. உள்ளே வர யாரோ கேட்கிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை அவரைக் காக்கவைக்க என்னால் முடியாது. திறக்கப் போகிறேன்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாராவது கூப்பிட்டால் முதல் தடவையே என்னவென்று கேட்டுவிடுங்கள்.