கடலுக்குப் போன பிரபு

2003 ஏப்ரல் 7, திங்கள்
இந்த அமெரிக்காவில் ஏப்ரலிலும் பனி. டிரைவ்வே முழுக்க நானே வழித்தேன். கடைக்குப் போகவில்லை. பருப்பு, முட்டை. செலவு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மகள் நபீசாவின் நாலாம் வகுப்பில் மெழுகு மியூசியமாம். சரித்திர ஆள் மாதிரி உடுத்திக்கொண்டு சிலையாய் நிற்கணும். காலடியில் காகிதப் பொத்தான். யாராவது மிதித்தால் தன் கதையைச் சொல்லணும். வெள்ளிக்கிழமை. மற்றதெல்லாம் ஜனாதிபதி, விஞ்ஞானி. இவள் எடுத்தது கடற்கொள்ளைக்காரன்! "ஹி வாஸ் எ லார்ட், உம்மா!"

ஏப்ரல் 8, செவ்வாய்
வெயில். வாசலில் சகதி. லைப்ரரிப் புத்தகம், பக்கத்தில் டிக்‌ஷனரி. அரைப் பக்கம்தான் அவனைப் பற்றி. பதினேழாம் நூற்றாண்டு, இங்கிலீஷ்காரன். மாளிகை, பட்டம். சொத்து வழக்கில் தோற்றதும் மிச்சத்தை விற்றுவிட்டு அல்ஜியர்ஸ் போனான். தன் நாட்டுக் கப்பலையே மடக்கினான். முஸ்லிமானான். கடைசியில் ஏழையாய் ஆஸ்பத்திரியில் மவுத். அப்போதும் ஊருக்கு ஒரு வரி எழுதி உதவி கேட்கவில்லை.

கொள்ளை ஹராம், அதில் பேச்சில்லை. ஆனாலும் என்ன நெஞ்சு! செருப்பு மாட்டிவிடவும் ஆள் வைத்திருந்தவன், மாலுமிகளோடு கயிறு இழுத்திருக்கிறான். லுஹர் தொழுகைக்குப் பின் அவனுக்காக துஆ. செய்யலாமா, தெரியாது. ரசம் பொங்கி வழிந்துவிட்டது.

ஏப்ரல் 9, புதன்
டிவியில் ஈராக் போர். நபீ பேசிக் காட்டினாள். முஸ்லிமான இடம் வந்ததும் இவங்க ரிமோட்டைக் கீழே வைத்தாங்க.
"வேற ஆளே கிடைக்கலையா? கொள்ளைக்காரன், அதுவும் முஸ்லிமா மாறினவன். இந்த நேரத்துல!"
"பட் ஹி டிட், வாப்பா."
"சரிம்மா, அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடு."
"அது இல்லாட்டி கதையே நொண்டுமே" என்றேன்.
"உனக்கென்ன, ஆபீஸ்ல மூஞ்சியக் காட்டுறது நான்."
உண்மைதான். இப்போதெல்லாம் அங்கே தனியாகத்தான் சாப்பிடறாங்க. எனக்கு மட்டும் சொன்னது.
நபீ பென்சிலால் அந்த வரியை அடித்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்
கோட்: என் பழைய வெல்வெட் பிளவுஸைப் பிரித்துத் தைத்தேன். தொப்பிக்கு இறகு 99 சென்ட். ஒத்திகைக்கு மீசை வரையும்போது, "இஸ் வாப்பா ஸ்கேர்ட்?"
"ஆடாதே, கோணலா வருது."

ஏப்ரல் 11, வெள்ளி
ஜும்ஆ முடித்து நேரே வந்தாங்க இவங்க, டையோடு. ஸ்கூல் ஜிம்மில் இரண்டு வரிசைச் சிலைகள். நபீ வாளை ஊன்றி, கண் சிமிட்டாமல். மாஷா அல்லாஹ். மிதித்தவர்களுக்கெல்லாம் சொன்னாள், அந்த வரி இல்லாமல்.

யாருடைய தாத்தாவோ, முழுதும் கேட்டார். "இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு ஊருக்கே திரும்பியிருக்கலாமே, கேப்டன்?"
சிலையின் கண் மட்டும் வாப்பா பக்கம். நான் ஸலவாத் ஓத ஆரம்பித்துவிட்டேன்.
"சொல்லும்மா." இவங்கதான், தமிழில், சத்தமாக.
சொன்னாள். முஸ்லிமானதை, அல்ஜியர்ஸில்தான் தன் ஆட்கள் இருந்தார்கள் என்பதை.
"குட் ஃபார் யூ, கேப்டன்." தாத்தா பக்கத்துச் சிலைக்கு நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

இவங்க போய்ப் பொத்தானை மிதித்தாங்க. "எனக்கு முதல்ல இருந்து. எல்லாத்தையும்."