பிரசவ வார்டு வாசலில் நீங்கள் என்னைத் திட்டியது

அத்தை,

இன்று மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை. மூன்றாவது மாடியில் பட்டன் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டிலிருந்து சுறா புட்டு வாசனை வந்தது. பூண்டும் பச்சை மிளகாயும் வதங்கி, அதன் மேல் உதிர்த்த சுறா விழுந்ததும் வருமே, அதே வாசனை. உள்ளே ஒரு கைக்குழந்தை அழுதது. நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று உடம்பு நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. நீங்கள் வந்தால் நான் எழுந்து நிற்பேன், நீங்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் போவீர்கள். நம் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதானே.

உங்கள் பெண் கௌரியை நான் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதால் முதல் வருஷம் கோபத்தில் பேசவில்லை. கோபம் போன பிறகு மரியாதைக்காகப் பேசவில்லை. மீன் மார்க்கெட்டில் நீங்கள் ஒரு குரல் கொடுத்தால் சிக்னலில் நிற்கிற பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரல் என் வீட்டு வாசல்படி ஏறியதும் காணாமல் போய்விடும். "ஏம் பாப்பா, உங்கப்பாரு சாப்ட்டாரான்னு கேளு" என்று என் பெரிய பெண்ணிடம் சொல்வீர்கள். நான் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா, சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்னு சொல்லு" என்பேன் நான். நான்கு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள் குடும்பம் நடத்தினோம்.

அந்தப் பெரியவள் பிறந்தது ஆபரேஷனில். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்று நீங்கள்தான் அழைத்துப்போய்ப் பார்த்தீர்கள். நான் வேலையை விட்டு ஓடி வருவதற்குள் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம், வேறென்ன வேண்டும் என்று நான் லட்டு வாங்கப் போய்விட்டேன். கௌரிக்கு மட்டும் ஏதோ ஒன்று உள்ளே நின்றுபோயிருந்தது. அது என்னவென்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. ஒரு மாதிரி உங்களிடம் அளந்து பேசுவாள். தாய்க்கும் மகளுக்கும் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தங்கியபோதுதான் வாயைத் திறந்தாள். "இந்தத் தபா நார்மலுக்குப் பாக்கணும். முடியலன்னா ஆபரேஷன் பண்ணட்டும், நான் வேணாங்கல. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடியாதுன்னு சொல்லக்கூடாது. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்."

இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டுப் பொறுப்பு. நான் கிளம்பிவிட்டேன். பத்தாவது பாஸ், ஐ.டி.ஐ. பாதி. ஆனால் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, முக்கால் டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு. வண்டியில் கௌரியை உட்கார வைத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பள்ளங்களில் ஒவ்வொன்றிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனேன். முதலில் பார்த்த டாக்டர் பழைய ஃபைலைத் திறக்கவே இல்லை. "ஒரு தடவை சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியன். தேதி மட்டும் சொல்லுங்க" என்றார். இரண்டாவது டாக்டர் சிரித்த முகம். "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்று எட்டாவது மாசம்வரை சொன்னார். எட்டாவது மாசத்தில், "எதுக்கும்மா ரிஸ்க்?" என்றார். திரும்பி வரும்போது, பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கையில், கௌரி என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சட்டை ஈரமானது எனக்குத் தெரிந்தது. வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

அதே வாரம் நீங்கள் கோவளத்து ஜோசியரிடம் போய் வந்தீர்கள். நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொண்டால் பிள்ளை கலெக்டர் ஆவானாம். "பாப்பா, உங்கப்பாருகிட்ட சொல்லு, வெள்ளிக்கெழம காலைல நல்ல நேரம் கீதுன்னு." நான், "பாப்பா, கலெக்டர் வேணாம், லிஃப்ட் மெக்கானிக் போதும்னு பாட்டிகிட்ட சொல்லு" என்றேன். பாப்பா இரண்டையும் குழப்பி, வெள்ளிக்கிழமை லிஃப்ட் ரிப்பேர் என்று உங்களிடம் சொன்னாள். நீங்கள் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் அன்று கொஞ்சம் அதிகமாக இருந்தது.

மூன்றாவது டாக்டரை சேலையூர் பக்கம் உள்ளே தள்ளி இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் பிடித்தோம். நீங்களும் கூட வந்திருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? டாக்டரம்மா பழைய ஃபைலை முழுசாகப் படித்தார். எந்த மாதிரி வெட்டு, எதற்காக ஆபரேஷன், நடுவில் எத்தனை வருஷம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், பிரசவம் உங்களுக்கா?" என்றார். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. சிரிப்பை விழுங்கினீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு கௌரியைப் பார்த்துத்தான் பேசினார். "முயற்சி பண்ணலாம்மா. பழைய தையல் விட்டுப்போகறது அபூர்வம்தான், ஆனா நடந்தா ஆபத்து. அதனால கூடவே இருந்து பாத்துக்கிட்டே இருப்போம், தியேட்டரும் தயாரா இருக்கும். நான் ஆபரேஷன்னு சொன்னா அப்போ அவசியம்னு அர்த்தம். உத்தரவாதம் கிடையாது. சரியா?" கௌரி தலையாட்டினாள். பல மாசங்களுக்குப் பிறகு அவள் தோள் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

எழுந்தபோது நர்ஸ் ஒரு விஷயம் சொன்னார். பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒருவருக்கு அனுமதி உண்டு. ஆனால் அது ஒரு பெண்ணாக, பிள்ளை பெற்றவராக இருக்கவேண்டும். என் அம்மாவுக்கு மூட்டுவலி, திண்டிவனத்தை விட்டு நகரமாட்டார். ஆக, ஊர் முழுக்க அலைந்து நான் தேடிப் பிடித்த அறைக்குள் நான் போக முடியாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொண்டுவந்த நீங்கள்தான் போகவேண்டும்.

வலி எடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் உள்ளே போனீர்கள். வெயில் ஏறி, இறங்க ஆரம்பித்துவிட்டது. நான் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்கியது. பிரேக்கைப் பார்க்கவேண்டும் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. மறுபக்கம் உங்கள் மேலேயே இருந்தது. உள்ளே அவள் கத்துகிறாள். நீங்கள் தாய். "போதும்மா, அறுத்துடுங்க" என்று உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் அவள் மனசு விட்டுவிடும். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேன், "உக்காருங்க சார், நீங்க நடக்கறதப் பாத்து எனக்கு மூச்சு வாங்குது" என்றார். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி லிஃப்ட் வரை போய் வந்தேன்.

அப்போதுதான் நீங்கள் வெளியே வந்தீர்கள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. நடுவில் வைத்துப் பேச பாப்பா இல்லை. நேராக என்னைப் பார்த்தீர்கள்.

"வலி கொஞ்சம் மந்தமாய்ட்ச்சாம். கொழந்த நல்லா கீதாம், துடிப்பு நல்லா கீதாம். இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம், இல்ல இப்பவே ஆபரேஷனுக்குப் போனாலும் சரி, ரெண்டும் தப்பில்லன்றாங்க டாக்டரம்மா. எம் பொண்ணு பாக்கலாம்னு சொல்லுது. உங்களாண்ட ஒரு வார்த்த சொல்ட்டு வரச் சொன்னாங்க."

அத்தனை மாசம் பார்த்த வீடியோவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. "ஆபரேஷனே பண்ணிடச் சொல்லுங்க அத்தை."

"இன்னா?"

"பயமா இருக்கு அத்தை. போதும்."

அப்போது கிளம்பியது, ஆறு வருஷமாக என் வீட்டுக்குள் மடித்து வைத்திருந்த அந்தக் குரல்.

"இன்னாயா சொல்ற நீ? போனை நோண்டி நோண்டி, அந்த ஆஸ்பத்திரி இந்த ஆஸ்பத்திரின்னு எம் பொண்ண வண்டில ஏத்தி எறக்கி, என்னை ஜோசியக்காரனாண்ட பேஜார் பண்ணிட்டு, இப்ப வாசப்படில நின்னுகினு வேணாங்குறியா? உனக்கா வலிக்குது?"

"இல்ல அத்தை."

"உன்னை உள்ள படுக்க வெச்சாங்களா?"

"இல்ல அத்தை."

"அப்றம் இன்னாத்துக்கு உனக்கு நடுக்கம்? மொத கொழந்தைக்கு நான் இப்டித்தான் நடுங்கினேன். இரும்மா, கொஞ்சம் இரும்மான்னு எங்கையைப் புடிச்சிகினு அது கெஞ்சுச்சு. கேட்டனா? சரி அறுத்துடுங்கன்னு நான் பாட்டுக்குச் சொல்ட்டேன். அறுத்தது தப்பில்லய்யா. அவசியமாவே இருந்திருக்கும். அதை ஒரு வார்த்த கேக்கல பாரு, அதான் தப்பு. இன்னி வரைக்கும் எம் பொண்ணு என்னைப் பாக்கற பார்வைல அது கீது. மறுபடியும் அதை நான் பண்ணமாட்டேன். அதைக் கேக்காம சொல்றதுக்கு நீ யாரு? நான் யாரு?"

உள்ளே போய்விட்டீர்கள். வாட்ச்மேன் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மாமியாரா சார்?" என்றார். "ஆமாம், இன்னிக்குத்தான் முதல்முதலா பேசறாங்க" என்றேன். பாவம், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பையன் பிறந்தான். ஆபரேஷன் தேவைப்படவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு நீங்கள் வெளியே வந்தீர்கள். நான் எழுந்து நின்றேன். நீங்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, என் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்து, "அவராண்ட சொல்லுப்பா, பையன்" என்றீர்கள். அதோடு சரி. திரும்ப ஒருநாளும் என்னிடம் நேராகப் பேசவில்லை. ஜோசியரிடம் மட்டும் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிச் சொல்லி, ஜாதகத்தைச் சரிக்கட்டிக்கொண்டு வந்தீர்கள். அவன் இப்போது கலெக்டருக்கான லட்சணம் எதுவும் இல்லாமல் செருப்பைத் தின்றுகொண்டிருக்கிறான்.

இப்போதெல்லாம் எனக்குப் போன் வருகிறது அத்தை. எப்படியோ விஷயம் பரவிவிட்டது. போன வாரம் பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பையன். "அண்ணா, எந்த டாக்டர்ணா? ரெண்டாவது நார்மல்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன்." போனை உன் வீட்டுக்காரம்மாவிடம் கொடு என்றேன். கொஞ்சம் இழுத்தான். கொடுத்தான். அந்தப் பெண் மெல்லிய குரலில், "அண்ணா, எனக்கு ஆபரேஷனே போதும்ணா. போன தடவை ரெண்டு நாள் வலியில கெடந்து அப்புறம்தான் ஆபரேஷன் பண்ணாங்க. இவருகிட்ட சொன்னா கோழைன்னுவாரு" என்றாள். "சரிம்மா, அதுவும் நல்லதுதான். உன்னைக் கேட்டுச் செய்யற டாக்டரா பாரு, அந்த டாக்டரம்மா அப்படித்தான்" என்று நம்பரைக் கொடுத்தேன். அவன் போனை வாங்கி, "இன்னாண்ணா சொன்னா?" என்றான். எனக்கு உங்கள் குரல் தொண்டை வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "பக்கத்துல தானேடா இருக்காங்க, கேளு" என்றேன். எல்லாருக்கும் முதல் தடவையே அந்த டோஸ் தாங்காது.

போன மழைக்காலத்தில் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். காரியம் முடிந்த சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு, கௌரி உங்கள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் என்னைத் திட்டியதையும், நான் உளறியதையும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமே. கேட்டுச்சு."

"எது?"

"எல்லாம். அம்மா கொரலு எங்க கேக்காது? உள்ள நர்ஸுங்க எல்லாம் வேலைய விட்டுட்டு நின்னாங்க. எங்கம்மா உள்ள வந்து, மொகத்த இப்டி வெச்சிகினு, 'அவரு பாக்கலாம்னு சொல்ட்டாரு, தெகிரியமா கீறாரு'ன்னுச்சு. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துட்ச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குத் தெம்பே வந்துது. 'கேக்கல பாரு, அதான் தப்பு'ன்னு அது ஒரு தபா சொல்லணும்னு எத்தினி வருஷமா காத்துகினு இருந்தேன் தெரியுமா."

"அம்மாகிட்ட சொன்னியா, உனக்குக் கேட்டுச்சுன்னு?"

"இல்ல. சொன்னா அழும்."

அந்தப் பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் வந்தால் அவள் தரையில் உட்கார்ந்து தலையை உங்களிடம் கொடுத்துவிடுவாள், நீங்கள் சிக்கெடுப்பீர்கள். குழந்தையோடு அவளுக்கு நேரமில்லை போல என்று நான் நினைத்தேன்.

இப்போது எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஒரே ஒரு கேள்வி. அந்தக் குரலை எங்கே மடிக்கவேண்டும், எங்கே விரிக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷம் என் வீட்டில் மடித்து வைத்திருந்தவர்தானே. என் மேல் வந்த கோபத்தில் கத்தினீர்களா, அல்லது உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினீர்களா? உங்களிடம் கேட்டிருக்கமுடியாது. பாப்பாவைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அதற்கும் இப்போது வழியில்லை. அந்த வாசலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் முகம் தெரிகிறது, அவிழ்ந்த தலைமுடி தெரிகிறது, வாட்ச்மேன் தெரிகிறார். வெளியே வந்தபோது உங்களுக்குப் பின்னால் அந்தக் கதவைச் சாத்தினீர்களா, கையால் பிடித்துத் திறந்து வைத்துக்கொண்டு பேசினீர்களா? நாள் முழுக்கக் கதவுகளையே பார்த்துப் பிழைக்கிற எனக்கு, அது மட்டும் ஞாபகம் வரவில்லை.