இரண்டு பேருக்கு ஒரு மேசை

திருவேங்கடம்
10.6.2025

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் உன்னோடு தங்கியிருக்கும் ஹஸீபாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரீட்சை முடியும்வரை போன் வேண்டாம் என்று நான் வாங்கி வைத்த உன் போன் பீரோவில் அப்படியே இருக்கிறது. நாலு வருஷமாக வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறேன். உன் அம்மா இருந்தால் என்னைத்தான் திட்டுவாள்.

நேற்று திங்கள், மனு கொடுக்கும் நாள். ஜீப் ஓட்டிய காலத்து லாக் புக் பழக்கம் இன்னும் கையை விடவில்லை, அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். திருவேங்கடம் புறப்பாடு 5.20. சங்கரன்கோவிலில் பஸ் மாற்றம். தென்காசி சேர்ந்தது 8.10. நோக்கம்: நம் தெருவில் இரண்டு பேருக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தல். எந்த அறையில் எந்த மேசை என்று எனக்குத் தெரியும் என்பதால் எல்லாரும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது தென்காசியில் கோபுரத்துக்கு அடுத்தபடி கண்ணில் படுவது அந்தப் புது அரசுக் கட்டடம்தான். அதன் மொட்டை மாடியில் தை மாதம் மகளிர் குழு ஒரு ஹோட்டல் திறந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? காலை ஏழரை முதல் பத்து வரை டிபன். மேலிருந்து பார்த்தால் குற்றாலத்து மலை முழுசும் தெரிகிறதாம். முந்தின நாள் நல்ல மழை என்றால் அருவிகூட வெள்ளைக் கோடாகத் தெரிகிறதாம். என்னோடு டிரைவராக இருந்தானே அல்தாப், அவன் நேற்று கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணாச்சி, ஊரே ஏறி எறங்கிட்டு. நீங்க மட்டும் கீழயே நிக்கியளே. வாங்க, லிப்ட்டுல போயி ரெண்டு இட்லி சாப்பிட்டு வருவோம்."

"எம்மவ வேல ஆர்டரோட வருவாடே. அன்னைக்கு அவகூடத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் அதிகாரிகளுக்குக் கதவு திறந்து விட்டவன் நான். குற்றாலம் பங்களாவில் அவர்கள் மாடியில் சாப்பிடுவார்கள், நான் ஜீப்பில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள், ஒரு அதிகாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த அதிகாரி நீயாக இருக்க வேண்டும். அதுவரை எதிரே டீக்கடை போட்டிருக்கும் நம் கடற்கரையிடம் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதே எனக்குப் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அப்பா,
சுந்தரபாண்டியன்


சென்னை
19.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. கடிதம் கிடைத்தது. நானும் ஹஸீபாவும் நலம். இங்கே வெயில் குறையவில்லை. காலையில் நூலகம், மாலையில் மாதிரித் தேர்வு என்று நாள் ஓடுகிறது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்களிடம்தான் எனக்குக் குறை. விடியுமுன் கிளம்பி வருகிறீர்கள், வெறும் வயிற்றில் இரண்டு டீ குடிக்கிறீர்கள். ஒரு உளுந்த வடையாவது தின்றால் என்ன? முழங்கால் வலிக்கிறதென்றால் அந்தத் தூணில் சாய்ந்து நிற்காமல் பெஞ்சில் உட்காருங்கள். அப்புறம் அந்த நீலச் சட்டை. காலர் நைந்து வெள்ளையாகிவிட்டது. தயவுசெய்து தூக்கிப் போடுங்கள் அப்பா.

மாடிக்கு நீங்கள் சொன்னபடி இருவரும் சேர்ந்தே போகலாம். யார் கூப்பிட்டாலும் தனியாகப் போக வேண்டாம். சொன்ன சொல் சொன்னதாகவே இருக்கட்டும்.

அன்பு மகள்,
ஜெயசித்ரா


திருவேங்கடம்
1.7.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தைக் கடற்கரையிடம் வாசித்துக் காட்டினேன். காலர் நைந்ததை நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன் என்று மண்டையைக் குடைந்து பார்த்தேன், எழுதவே இல்லை. கடற்கரை சொன்னான்: "பொம்பளப் பிள்ளைன்னா அப்படித்தாம் அண்ணாச்சி. அங்கன இருந்துக்கிட்டே இங்கன நடக்கது தெரியும்." எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே சோறு இறங்கியது. ஆனாலும் சட்டையைத் தூக்கிப் போட மாட்டேன். நல்ல சட்டை.

சித்ரா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. குரூப் ஒன் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சித்திரையில் எழுதினாய். அது நடந்ததா? எனக்குக் கம்ப்யூட்டரில் பார்க்கத் தெரியாது, தெரிந்தவர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போதும், "கலெக்டரம்மா எப்ப வாரா?" என்கிறார்கள். பாதிப் பேர் பாசத்தில் கேட்கிறார்கள், பாதிப் பேர் நக்கலில். எனக்கு இரண்டும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. கண் நன்றாக இருக்கும்போதே உன்னோடு உட்கார்ந்து அந்த மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம், அவ்வளவுதான். உள்ளதை எழுது.

அன்புடன் அப்பா


சென்னை
12.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. நன்றாக நடந்தது. இந்த முறை கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆவணிக்குள் ஆர்டர் வந்துவிடும். அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். படிக்க வேண்டியது நிறைய இருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

அன்பு மகள்,
ஜெயசித்ரா


திருவேங்கடம்
25.7.2025

ஜெயசித்ராவுக்கு,

நேற்று வியாழன், ஆடி அமாவாசை. திருவேங்கடம் புறப்பாடு 3.50. குற்றாலம் சேர்ந்தது 6.40. மெயின் அருவியில் கூட்டம் நெருக்கியதால் ஐந்தருவிக்குப் போய்க் குளித்தேன். உன் அம்மாவுக்கும் என் அய்யாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். நேர்முகத் தேர்வு நன்றாக நடந்ததென்று உன் அம்மாவிடம் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

தென்காசி சேர்ந்தது 8.50. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? மேலே போய்ச் சாப்பிட வேண்டாம், எந்த மேசையிலிருந்து மலை நேராகத் தெரிகிறது என்று மட்டும் பார்த்து, ஆர்டர் வந்ததும் அதையே கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தேன். இதில் சொல் தவறவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லிப்ட்டில் ஏறினேன்.

வாசலில் 'இன்று வெங்காயம் சேர்க்காத சாம்பார்' என்று எழுதியிருந்தது. உன் கையெழுத்து. சாம்பாரில் வரும் 'ம்' எழுத்துக்குப் புள்ளி வைக்காமல் வட்டம் போடுவது நீ ஒன்றாம் வகுப்பிலிருந்து செய்வது. யாரோ உன் மாதிரி எழுதுகிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அப்புறம் உன்னைப் பார்த்தேன். பச்சை ஏப்ரன் போட்டிருந்தாய். மேற்கே நாலாவது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, தண்ணி" என்றாள். நீ சிரித்துக்கொண்டே ஊற்றினாய்.

கல்லாவில் இருந்த அம்மா என்னிடம், "வாங்க அண்ணாச்சி. எத்தன பேரு?" என்றாள்.

"ரெண்டு பேரு. இன்னொரு ஆளு இன்னும் வரல்ல" என்றேன்.

படியில் இறங்கி வந்தேன். ஐந்து மாடி. முழங்கால் வலித்ததா என்று நினைவில்லை. உனக்கு எப்போதிலிருந்து அங்கே வேலை என்று கடற்கரையிடம் கேட்டேன், பேரைச் சொல்லாமல். "அந்தப் பச்ச ஏப்ரன் பிள்ளையா? மாசியில இருந்து இருக்கா. ஒங்களத்தான் அப்பப்ப பாத்துக்கிட்டு நிப்பா. நீங்க அண்ணாந்தா உள்ள போயிருவா" என்றான். நீ என் மகள் என்று அவனுக்குத் தெரியாது.

தட்டுத் தூக்குவதை நான் கேவலமாக நினைப்பவன் இல்லை. உன் அப்பா அடுத்தவர் கார்க் கதவைத் திறந்தே உன்னை வளர்த்தவன். பரீட்சையில் தோற்றதும் பெரிய குற்றமில்லை. ஐந்து மாதம் நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேனே, அதை நீ மேலே நின்று பார்த்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. காலர் நைந்தது மேலிருந்தே தெரிந்திருக்கிறது. ஏட்டி, நான் அதைப் பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் அம்மாவிடம் தண்ணீரில் நின்று பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

உன் இப்போதைய விலாசம் எனக்குத் தெரியாது. பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். இதுவரை போனது போல் இதுவும் ஹஸீபா கை மாறி உனக்கு வந்து சேரும்.

நோக்கம்: மகளோடு சாப்பிட மேசை பார்த்தல்.
அதிகாரி கையொப்பம்: இல்லை.

சுந்தரபாண்டியன்


இலஞ்சி
4.8.2025

என் அப்பாவுக்கு,

மேலே எழுதியிருப்பதுதான் நான் இருக்கும் ஊர். கோயிலுக்குப் பின்தெருவில், ஹோட்டலில் வேலை பார்க்கும் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். உங்களுக்கு இதுவரை சென்னை என்று போட்டு எழுதிய கடிதங்களை எல்லாம் கவரில் வைத்து ஹஸீபாவுக்கு அனுப்புவேன், அவள் அங்கே தபாலில் சேர்ப்பாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் திட்டித்தான் செய்தாள்.

சித்திரையில் நேர்முகத் தேர்வு எதுவும் இல்லை. அதற்கு முந்தைய எழுத்துத் தேர்விலேயே நான் வெளியே வந்துவிட்டேன். நாலாவது தடவை. அதற்கு மேல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரிந்தன, எதுவும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வருவதற்காகத்தான் சென்னையை விட்டுக் கிளம்பினேன் அப்பா. சங்கரன்கோவில் வரை வந்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறினால் அந்த பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும், 'கலெக்டரம்மா' என்பார்கள், பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள். தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எத்தனையோ வேலை இருக்க இந்தக் கட்டடத்துக்கு ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். கல்லாவில் நீங்கள் பார்த்த முப்பிடாதி அக்கா ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். எப்படியாவது இந்த வாசலுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று ஒரு வெறியும் இருந்தது. நீங்கள் திங்கள்கிழமைதோறும் எதிரே வந்து நிற்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவும் வந்தேன். உங்களைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, உங்கள் முன்னால் வரவும் முடியவில்லை. திங்கள் என்றால் மட்டும் கிரைண்டர் அறையில் நிற்கிறேன் என்று அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இடையிடையே கைப்பிடிச் சுவர் பக்கம் வந்து பார்ப்பேன்.

தனியாக மேலே போக வேண்டாம் என்று உங்களுக்கு எழுதினேனே, அதை நினைத்தால்தான் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் ஆசையையே நான் ஒளிந்துகொள்ளும் மறைவாக வைத்துக்கொண்டேன்.

அப்பா, அடுத்த திங்கள் வாருங்கள். மேற்கே நாலாவது மேசையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு உங்களுக்கு எதிரே உட்காருகிறேன். என்னைத் திட்டுங்கள், அடித்தாலும் சரி. மேலே வந்து ஒரு இட்லி மட்டும் சாப்பிடுங்கள்.

ஜெயசித்ரா


இலஞ்சி
18.8.2025

என் அப்பாவுக்கு,

போன திங்கள் நீங்கள் வரவில்லை. கண் ஆபரேஷனுக்குப் போயிருப்பீர்களோ என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால், நன்றாக இருக்கிறீர்கள் என்றும் என் பேரைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள் என்றும் சொன்னார்கள். பீரோவில் இருந்த என் போனை அவர்கள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டீர்களாம்.

இன்று வந்தீர்கள். எட்டேகாலுக்கு நீங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து நடந்து வருவதைப் பார்த்ததும் முப்பிடாதி அக்காவிடம் ஓடினேன். "ஒங்க அய்யாவா ஏட்டி? போ, நீ போயி ஒக்காரு. நான் பரிமாறுதேன்" என்றார். நாலாவது மேசையில் இரண்டு இலை போட்டோம். இட்லி, பொடி, நல்லெண்ணெய், உங்களுக்குப் பிடித்த தேங்காய்ச் சட்னி. நேற்று முழுக்க மழை என்பதால் அருவி வெள்ளையாகத் தெரிந்தது.

கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். ஏப்ரன் இல்லாமல், ஒளியாமல் நின்றேன். கடற்கரை அண்ணாச்சி டீயை நீட்டினார். வாங்கினீர்கள். வழக்கமாக முதல் வாய் குடித்ததும் அண்ணாந்து பார்ப்பீர்கள். எத்தனையோ திங்கள்கிழமை அதற்குப் பயந்து நான் உள்ளே ஓடியிருக்கிறேன். இன்று கிளாஸைப் பார்த்தபடியே குடித்து முடித்தீர்கள்.

"அப்பா" என்று கூப்பிட்டேன். ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். கடற்கரை அண்ணாச்சி மேலே பார்த்தார். மனுவோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அல்தாப் மாமா வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தார். நீங்கள் பார்க்கவில்லை.

படியில் ஓடி வந்தேன். நான் கீழே வருவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

பத்து மணிக்கு அக்கா அந்த மேசையைத் துடைக்கச் சொன்னார். நான்தான் துடைத்தேன்.

புதுச் சட்டை போட்டிருந்தீர்கள் அப்பா. காலர் நன்றாக இருந்தது.

ஜெயசித்ரா