இருபத்தெட்டு மூடை

இயேசு மரி சூசை துணை

அடம்பன்

அன்பு மகள் பிரேமிளாவுக்கு,

மடு மாதாவின் தயவில் இங்கே நாங்கள் சுகம். ஒல்லாந்துக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தினமும் செபிக்கிறோம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், அதனால்தான் அங்கே வருகிற அஞ்சலாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். விளைச்சலை முன்கூட்டியே சொல்கிற கம்பியூட்டரை நீ செய்ததிலிருந்து உன் புகழ் இங்கே கொடிகட்டிப் பறக்கிறது. என் பெறாமகளின் கம்பியூட்டர் ஒவ்வொரு நெற்பயிரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சுகம் விசாரிக்கும், மழையே அதனிடம் கேட்டுவிட்டுத்தான் மன்னாருக்கு வரும் என்று சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். நம் பக்கத்து வயல் தங்கையா சிரித்தான், ஓய் றெனால்ட், அப்ப என்ர மாடு எப்ப கண்டு போடுமெண்டும் கேட்டுச் சொல்லுமன் என்றான். ஆனால் வருகிற காலபோகத்துக்கு உன் கம்பியூட்டர் சொல்கிற நெல்லைத்தான் விதைப்பேன் என்று அவனே நிற்கிறான்.

மகள், இந்த முறை ஏக்கருக்கு இருபத்தெட்டு மூடை என்று உன் கம்பியூட்டர் சொன்னது. பிறகு வயலுக்குள் வந்த வெள்ளம் ஒரே இரவில் வடிந்துவிட்டது, சொன்னபடியே விளைந்தது என்று அப்பா உனக்குச் சொன்னார், படமும் அனுப்பினார். படத்தில் இருப்பது சிலாவத்துறை றிஸ்லானின் வயல், மேட்டுக்காணி, தப்பிவிட்டது. எங்களுடையதில் தண்ணீர் வடியவே இல்லை. யானை மிதந்தது, முதலை வரம்பில் ஏறிப் படுத்து வெயில் காய்ந்தது என்று நான் வழக்கம்போலச் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அங்கே ஒன்றுமே இல்லை. வற்றினபோது பயிர் அழுகிச் சேற்றோடு சேறாய்க் கிடந்தது. அப்பா இறங்கி ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார், கையைக் கழுவாமலே வீட்டுக்கு வந்தார். கோயிலுக்கு முதல் நெல் கொடுக்கிற நாளில் றிஸ்லானிடம் ஒரு பெட்டி நெல் வாங்கிக்கொண்டு போய், எல்லோருக்கும் பின்னால் நின்று வைத்தார். பங்குச் சுவாமி ஆசீர்வதித்தபோது தலை நிமிரவில்லை.

ஏன் அண்ணை பிள்ளைக்கு மறைக்கிறியள் என்று கேட்டேன். அவள் பெரிய ஆக்களுக்கு முன்னால நிண்டு தன்ர கம்பியூட்டர் சொன்னது சரியெண்டு காட்டப் போறாளடா, என்ர வயலால அவளுக்கு வெக்கம் வரக்கூடாது, நீ புளுகிறதில கெட்டிக்காரன், அந்த இருபத்தெட்டையும் வடிவா எழுதிவிடு என்றார். எழுதத்தான் உட்கார்ந்தேன். இருபத்தெட்டு என்ன, என் கைக்கு நாற்பதும் வரும். ஆனால் அப்படி எழுதினால் அந்த வெள்ளத்தை இந்தப் பயிர் தாங்கும் என்று உன் கம்பியூட்டர் நம்பிவிடும், பிறகு தங்கையாவுக்கும் அதையே சொல்லும். அவனுடையதும் பள்ளக்காணி, அவனுக்கு வேறு வயலும் இல்லை.

அப்பாவை ஏசாதே. போன் எடுத்தால் வயலைப் பற்றிக் கேட்காமல் முதலில் சாப்பிட்டாரா என்று கேள், இப்போது தட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். வெளியே போகும்போது காதை மூடித் தொப்பி போடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள். சித்தப்பா சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தானே நீ எப்போதும் கேட்பாய், இதில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை மகள். எங்கள் வயலுக்குச் சைபர் என்று போடு.

இப்படிக்கு
உன் சித்தப்பா
றெனால்ட்