ஞானம்மாள் திருடாத தீவனம்

ஊரப்பாக்கம்
12.6.1989

நியூசிலாந்தில் ஆட்டு மூளையை ஆராயும் தம்பி லோகநாதனுக்கு அக்கா தையல்நாயகி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், ஞானம்மாளைத் தவிர.

உன் பழைய பண்ணையில் பதினோரு வருஷம் ஆடு பார்த்தவளைத் தீவனம் திருடியதாக விசாரிக்கிறார்கள். புகார் எழுதிக் கொடுத்தது நீயாமே. விமானம் ஏறுகிற அவசரத்திலும் அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. வெட்கங்கெட்டவனே.

வளர்ச்சி ஹார்மோனை விடு என்று மூளை ஒரு கட்டளை தரும், நிறுத்து என்று இன்னொன்று தரும் என்று எனக்கே பாடம் எடுத்தாய். உன் ஊசி அந்த நிறுத்தும் கட்டளையை அடக்கிவிட்டதாம். ஹார்மோன் ஏறியது, பேப்பரில் உன் போட்டோ வந்தது. ஆடு மட்டும் வளரவில்லை. தீவனம் குறைந்ததால்தான் என்றாய், உடனே ஞானம்மாள் திருடியாகிவிட்டாள்.

உன் பண்ணை லேப் ஜெபராஜ் நேற்று வீட்டுக்கு வந்து விளக்கினார். ஆடு பட்டினி கிடந்தால் மூளை அந்த நிறுத்தும் கட்டளையைத் தானே குறைத்துக்கொள்ளுமாம், ஹார்மோன் தன்னால் ஏறுமாம், உன் ஊசியே வேண்டாமாம். ஆனால் வயிறு காய்ந்தால் உடம்பு வளராது. இது கூடத் தெரியாமலா உனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்?

பெரிய வெள்ளிக்கு ஞானம்மாள் உபவாசம். "நீ சர்ச்சுக்குப் போம்மா, ரெண்டு நாள் தீனி நான் பாத்துக்கறேன்" என்று தாராளமாகச் சாவியை வாங்கிக்கொண்டாய். ஈஸ்டர் பூசை முடிந்து அவள் நேராகப் பண்ணைக்கு வந்தபோது, ஹார்மோனை அளக்க இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் ஆடுகளிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாய். "தொட்டி காஞ்சி கீது சார், எதுவும் துன்னல போல கீதே" என்றாளாம். உன் வேலையைப் பார் என்றாயாம்.

அந்த இரண்டு நாளும் நீ என் வீட்டில்தானே இருந்தாய். கோவளத்துக்குப் பஸ் ஏறிப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தோம். ஆட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஆள் இருக்கிறது என்றாய். நானும் நம்பி இன்னொரு துண்டு மீன் வைத்தேன். நினைத்தால் எனக்கே கூசுகிறது.

விசாரணை ஜூலை கடைசியில். வழக்கமாகக் கடிதத்தில் குங்குமம் மடித்து வைப்பேன். இந்தத் தடவை, தீனி போடாதவன் நீதான் என்று எழுதிய தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. வராவிட்டால் தம்பி என்று பார்க்க மாட்டேன், நானே போய்ச் சொல்வேன்.

ஞானம்மாளுக்கு உன்மேல் இன்னும் கோபமில்லை. "சார் மறந்துகினு இருப்பாரு, கேட்டா உண்மையச் சொல்லிடுவாரு" என்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவள் நம்பிக்கையையாவது காப்பாற்று.

அக்கா,
தையல்நாயகி