கை வைத்த நாற்காலி

ஜூன் 3, செவ்வாய்
எங்கள் மீன்வலைக் கம்பெனி ஆபீசை அடியோடு மாற்றப் போகிறார்கள். இன்டீரியர் செய்ய வந்திருக்கும் அஞ்சு எல்லோரையும் கூப்பிட்டு, "இருபது வயசானாலும் அறுபது வயசானாலும் வசதியா இருந்து வேல பாக்கணும். யாருக்காவது முதுகுவலி, முட்டுவலி, கண்ணுல கொறை உண்டா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டா கேட்பது?

போன வருஷம் கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேசை பல்கீஸ் அக்கா, முட்டு வலிக்கிறது என்று வாய்தவறிச் சொன்னார். மறுமாதமே முதலாளி சால்வை போர்த்தி, இனி வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் என்று அனுப்பிவிட்டார். மகள் படிப்பு முடியும்வரை எனக்கு இந்த வேலை வேண்டும். ஐம்பத்து நாலு வயதில் வேறெங்கே போவேன்?

"எனக்கு ஒண்ணுமில்ல பிள்ள" என்றேன், சத்தமாக. எல்லோரும் அதையே சொன்னார்கள். கண்ணில் புரை விழுந்த வாட்ச்மேன் வேளாங்கண்ணி உட்பட.

ஜூன் 4
இன்று முட்டுவலி அதிகம். நேற்றுச் சொன்னது முட்டின் காதில் விழுந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்
புது ஆபீஸ். பார்க்க லட்சணம். எங்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே, அதனால் ஏறி உட்காரும் ஸ்டூல்கள், எறும்பு எழுத்தில் பலகைகள், மீட்டிங்குக்குத் தரையோடு தரையாக ஒரு சோபா. அஞ்சுவைக் குறை சொல்ல முடியாது.

ஜூலை 15
மானம் போயிருக்கும். மீட்டிங்கில் முதலாளி நின்றுகொண்டே பேசினார், நாங்கள் சோபாவில். முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. பிடித்து எழும்ப ஒரு கை இல்லை அந்தச் சனியனுக்கு. போனை நோண்டிக்கொண்டிருந்தேன். சோபாவின் மறுமுனையில் டெஸ்பாட்ச் பார்க்கிற சுஜினும் நோண்டிக்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயது.

"நீ போவல்லியா மக்கா?"

"நீங்க போங்க டெல்சியக்கா. நான் பொறவு போறேன்."

ஆபீஸ் காலியானது. கடைசியில் அவன்தான் சொன்னான். "ஞாயித்துக்கெழம பந்து களிச்சு முட்டு போச்சுக்கா. இனி களிக்கப் போனா வேலைக்கு வராதேன்னு சாரு சொல்லியிருக்காரு."

சிரித்த சிரிப்பில் இன்னும் உள்ளே புதைந்தோம். வேளாங்கண்ணி வந்து இழுத்து எழுப்பினார்.

பேருந்தில் வரும்போது யோசித்தேன். இருபத்து நாலு வயசுக்காரனுக்குச் சால்வை போர்த்த முடியுமா?

ஜூலை 18, வெள்ளி
எல்லாம் வசதிதானா என்று கேட்க அஞ்சு வந்தாள். மறுபடியும் முதலாளி பக்கத்தில்.

"எனக்கு முட்டு வலிக்கு. கை வச்ச நாற்காலி வேணும்" என்றேன்.

முதலாளி பார்த்த பார்வையில் வேலை போயிற்று என்றே நினைத்தேன். "எனக்கும் வேணும்" என்றான் சுஜின். வேளாங்கண்ணி பலகை எழுத்து தெரியவில்லை என்றார். நேற்றுச் சேர்ந்த ஜிஷாவுக்குக்கூடக் கழுத்து வலிக்கிறதாம். இத்தனை பேருக்கு எத்தனை சால்வை வாங்குவார்?

முதலாளி தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஒண்ணு சேத்துக்க பிள்ள. அந்த சோபால இருந்தா எழும்ப முடியாதுன்னு பேடிச்சு நின்னுட்டே மீட்டிங் போடுதேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்
நாற்காலிகள் வந்துவிட்டன. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், கையும் உண்டு. என் பக்கத்து மேசையில் ஒன்று மிச்சம் கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன். முதலாளி காதில் விழாததுபோல உள்ளே போய்விட்டார்.

பத்து மணிக்குப் பல்கீஸ் அக்கா வந்தார். முதலாளி நேற்று வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாராம். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பையிலிருந்து அந்தச் சால்வையை எடுத்து, நாலாக மடித்து, முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

"ஏட்டி டெல்சி, அந்தக் கணக்க இங்க எடு" என்றார்.