புழுதி இறங்கும் முற்றம்

ஹார்லோ கிராசிங்
ஞாயிறு, காலை

அன்பு மகள் ப்ரோன்வினுக்கு, உன் அப்பா எழுதுவது.

முதலில் கவரைத் திருப்பிப் பார். விலாசமும் நானே எழுதியதுதான். 'சிட்னி' என்று ஒழுங்காக வருவதற்குள் மூன்று கவர் வீணாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுபத்து மூன்று வயதில் பேனா பிடித்தால் இப்படித்தான் வரும்.

உன் அம்மா இருந்தவரை கடிதமெல்லாம் அவள்தான் எழுதினாள். கடைசியில் 'அப்பாவும் விசாரித்தார்' என்று ஒரு வரி போடுவாள். இப்போது அந்த அப்பா நானே எழுதி விசாரிக்கிறேன். நலமாக இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா?

எனக்கு முழங்காலைத் தவிர ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாகச் செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன். தபால் நிலையத்தில் தபால்தலை விற்றாளே இவான் பாஸ்கோ, அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். உன்னிடம் போனில் சொல்லவில்லை. கடிதம் எழுதும் அளவுக்கு வந்த பிறகு தெரியட்டும் என்று இருந்தேன்.

ப்ரோனி, உலகம் முழுக்க எழுத்தாக இருக்கிறது! ஜாம் பாட்டிலைச் சுற்றி எவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்! மெர்வ் டக்கட்டின் கோதுமை லாரி உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் பின்பக்கம் எழுதியிருப்பது லாரி கம்பெனியின் பெயர் என்றே வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். போன மாதம் நின்று வாசித்தேன். 'என்னைக் குளிப்பாட்டு' என்று யாரோ புழுதியில் விரலால் எழுதி வைத்திருக்கிறார்கள். நடுத்தெருவில் தனியாக நின்று சிரித்தேன். டோரீன் கிளப் வாசலிலிருந்து, "என்ன கிளாரி, வெயில் ஏறிடுச்சா?" என்று கத்தினாள்.

கை வலிக்கிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.

திங்கள்

போன மூன்று ஞாயிறும் நீ அழைக்கவில்லை. நான் அழைத்தபோதும் எடுக்கவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தால் நீ எடுக்காமல் இருக்கலாம். கடிதம் அப்படி அடிக்காது. மேசைமேல் கிடக்கும், மனம் வந்த நேரத்தில் பிரித்துக்கொள்ளலாம். அதனால்தான் இது.

உன் டிவி தொடரைப் பற்றி எழுத வேண்டும். நீ எழுதியதை உனக்கே சொல்கிறேன். எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முதல் சீசன் வந்தபோது வியாழக்கிழமை மாலைகளில் பௌலிங் கிளப்பில் டிவி முன்னால் உட்கார இடம் கிடைக்காது. டெஸ் என்ற பெண் செம்புழுதியாக மாறுவாள், கதவிடுக்கில் நுழைவாள், திருடனின் மூக்கில் ஏறுவாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பாவிட்டால் காற்று அவளைக் கலைத்துவிடும். அவள் அப்பா ரப்பர் குழாயைப் பிடித்து முற்றத்தை நனைத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஈர மண்ணில் புழுதி இறங்கும், இறங்கியதும் பெண்ணாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு வாரமும் அந்த இடம் வந்தால் கிளப்பில் ஒருவரும் பீர் கிளாஸைக்கூடத் தூக்கமாட்டார்கள்.

நீ பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரத்தில் நான் முற்றம் நனைத்ததைத்தான் அப்படி எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னால், உன் அம்மா காயப்போட்ட துணியில் புழுதி படியக்கூடாது என்றுதான் நனைத்தேன். நீ உனக்காக என்று நினைத்திருக்கிறாய். அப்படியே இருக்கட்டும். உனக்காகவும்தான்.

நான்காம் வாரத்தில் அந்த அப்பா மாத்திரை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் காணோம் என்று சட்டைப்பையைத் தடவுவார். டெஸ் தட்டு கழுவிக்கொண்டே, தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல, "காலைல ஒண்ணு, சாப்பிட்டப்புறம் ஒண்ணு, என்ன இவ்வளவு பொடி எழுத்து" என்று வாசித்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். கிளப்பில் எல்லோரும் சிரித்தார்கள். டோரீன் மட்டும் மூக்கை உறிஞ்சினாள். எனக்குக் காது சுட்டது. அது நம் சமையலறை. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அத்தனை வருஷம் நீ யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. என் மானத்தைக் காப்பாற்றியபடியே எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாய். அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன்.

அதற்கப்புறம் ஊர் கூடி, ரயில் பாதை ஓரத்தில் கோதுமை கொட்டி வைக்கும் உயரமான இரண்டு சைலோக்களின் சுவரிலும் படம் வரைய வைத்தது உனக்குத் தெரியும். ஒன்றில் சுழன்று இறங்கும் செம்புழுதிப் பெண். மற்றதில் குழாய் பிடித்த அப்பா, மூக்கு என் மூக்கு. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அடிலெய்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் அந்த மூக்கு என்னுடையதுதான் என்று பக்கவாட்டில் நின்று காட்டினேன்.

புதன்

நேற்று எழுதவில்லை. வகுப்பு இருந்தது. அதோடு, அடுத்ததை எழுத மனம் வரவில்லை.

இரண்டாவது சீசன் தொடங்கிய அன்று டோரீன் இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் ஐம்பது சுட்டு வைத்திருந்தாள். முதல் வாரத்திலேயே யாரோ டெஸ்ஸிடம் போனில், "உங்கப்பாதான் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டாரே" என்கிறான். அவள் தலையாட்டிவிட்டு லிஃப்டில் ஏறுகிறாள். அவ்வளவுதான். கிளப்பே திரும்பி என்னைப் பார்த்தது, நான் உயிரோடு இருக்கிறேனா என்று சரிபார்க்கிற மாதிரி. என்னைக் கொன்றதுகூடப் பரவாயில்லை. ஒரே வரியில் கொன்றுவிட்டார்கள்.

அப்புறம் அவளுக்கு ஒரு இரும்புச் சட்டை கொடுத்தார்கள். அது இருந்தால் காற்று கலைக்காதாம், பொழுது சாய்ந்தாலும் கவலையில்லையாம். முற்றம் வேண்டாம், வீடு வேண்டாம். கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவில் பறந்து பறந்து சண்டை போட்டாள். ஒரு தடவை நம் ஊருக்கு மேலேயே பறந்தாள். கிளப்பில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறாம் வாரத்துக்குள் பாதி நாற்காலி காலி. மெர்வ், "ஆறு வாரமா பாக்குறேன், ஒரு பய குழாயத் தொறக்கல" என்றான். டோரீன், "இரும்பு மாட்டிக்கிட்டா அப்பன் ஆத்தா தேவையில்லன்னு ஆயிடுமா? நம்ம ஊர்ப் பொண்ணு எழுதுனதாய்யா இது?" என்றாள். யாரோ பின்னாலிருந்து, "சிட்னித் தண்ணி குடிச்சா அப்படித்தான்" என்றான்.

அவர்கள் உன்னைக் குறை சொல்வதற்குக் காரணம் நான்தான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. இரண்டு தடவையும் போனில், "ரெண்டாவது சீசன் வேலை கழுத்தப் புடிக்குதுப்பா" என்றாய். அதை நான் கிளப் முழுக்க, இறைச்சிக் கடையில், பெட்ரோல் பங்கில், எல்லோரிடமும் சொன்னேன். முழுக்க முழுக்க என் மகள் எழுதுகிறாள் என்று நானாகச் சேர்த்தும் சொன்னேன். பெருமை வாயைச் சும்மா இருக்க விடவில்லை.

எட்டாம் வாரம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். இவான் ரிமோட்டில் படத்தை நிறுத்தி வைக்கிற பொத்தானைக் காட்டிக் கொடுத்திருந்தாள். கடைசியில் பெயர்கள் ஓடுமே, அதை ஒவ்வொரு வரியாக நிறுத்தி வாசிக்கலாம் என்று ஆசை. முதல் சீசனைப் போட்டேன். முடி அலங்காரம் செய்தவள் பெயர், சாப்பாடு போட்டவன் பெயர், எல்லாவற்றுக்கும் முன்னால், 'எழுத்து: ப்ரோன்வின் ஹாஸ்கின்'. ப்ரோனி, உன் பெயரை நீ பிறந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். வாசித்தது அன்றுதான். எழுந்து போய்த் திரையில் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பிறகு இரண்டாவது சீசனைப் போட்டேன்.

முதல் வாரத்தில் உன் பெயர் இல்லை. எனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று நினைத்தேன். உன் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு, அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. குதிரைக்குத் தீனி வைத்தவன் பெயர் இருக்கிறது. எட்டு வாரத்திலும் உன் பெயர் எங்கேயும் இல்லை.

கோபம் இல்லை. உன்னிடமிருந்து தொடரைப் பிடுங்கி இரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். அத்தனை ஞாயிறும் போனில் நீ சிரித்துப் பேசினாய்.

வெள்ளி

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

கிளப்பில் ஒரு தாள் மேசை மேசையாக வந்தது. என் கைக்கு எந்தத் தாள் வந்தாலும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்பது ஊருக்கே தெரியும். பஸ் வேண்டும் என்றாலும் போட்டிருக்கிறேன், பஸ் வேண்டாம் என்றாலும் போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தாள் என் முன்னால் வந்துவிட்டது. டோரீன் பதறிப்போய், "அது கிளாரிக்கு இல்லடா" என்று எட்டி இழுக்கப் பார்த்தாள். நான் அதற்குள் எடுத்துவிட்டேன்.

வாசித்தேன். மெதுவாகத்தான் வாசிக்க வரும், அதனால் எல்லோரும் காத்திருந்தார்கள். சைலோவில் உள்ள படத்தை அழித்து வெள்ளையடிக்க வேண்டும் என்று நகரசபைக்கு எழுதியிருந்தது. 'இதை எழுதிய பெண் தன் ஊரையும் தன் தகப்பனையும் மறந்துவிட்டாள்' என்று ஒரு வரி. கீழே அறுபத்தோரு கையெழுத்து.

என் வாயில் பதில் இருந்தது. அவள் எழுதவே இல்லையடா, பெயரைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் தலைகுனிந்திருப்பார்கள். ஆனால் அடுத்த நிமிஷமே, வேலை போய்விட்டது, இரண்டு வருஷமாக அப்பனிடம் மறைத்திருக்கிறாள் என்று ஊர் பேசும். நீயே எனக்குச் சொல்லாததை நான் எப்படி அவர்களுக்குச் சொல்வேன்?

"கண்ணாடி கொண்டு வரல" என்றேன்.

மெர்வ் என்னையே பார்த்தான். "உன் மூக்கு மேலதான இருக்கு, கெழவா" என்றான்.

"இது தூரத்துப் பார்வைக்கு" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து அவன் கையில் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. டோரீன் எனக்கு ஒரு பீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளில் கை வைத்துப் போனாள். வாசிக்கத் தெரியாதபோது ஆயிரம் தடவை சொன்ன பொய் அது. வாசிக்கத் தெரிந்த பிறகு சொன்னது இது ஒரு தடவைதான்.

பேசாமல் இருந்துவிட்டதற்கு என்னை மன்னித்துக்கொள். சொல் என்று நீ சொன்னால் வரும் வியாழக்கிழமையே எழுந்து நின்று சொல்கிறேன். வேண்டாம் என்றால் இது என்னோடு இருக்கும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். மறைத்து வைப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அறுபது வருஷம் சுமந்தேன். இறக்கி வைத்த அன்று இவான், "வா, உக்காரு" என்று மட்டும் சொன்னாள். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கமாட்டேன்.

மறு வெள்ளி

ஒரு வாரமாகக் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். நகரசபையில் தாளை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வர்ணக்காரர்கள் ஏணியோடு வந்து செம்புழுதிப் பெண் இருந்த சைலோவை முதலில் அடித்தார்கள். நேற்றோடு முழுக்க வெள்ளை. மற்றதற்கு வர்ணம் போதவில்லையாம், ஈஸ்டருக்குப் பிறகு வருவார்களாம். அதனால் அந்த அப்பா இப்போது வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் இப்போது பால் வாங்கப் பின்தெரு வழியாகப் போகிறேன்.

ஊரில் தண்ணீர்க் கட்டுப்பாடு. நம் தெருவுக்குப் புதனும் சனியும்தான் குழாய் திறக்கலாம். மற்ற நாள்களில் குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, பொழுது சாய்வதற்கு முன் முற்றத்தில் ஊற்றுகிறேன். கொடியில் இப்போது என் இரண்டு சட்டைகள்தான் காய்கின்றன. துணிக்காக நனைக்கிறேன் என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது.

ஈஸ்டருக்கு வா, மகளே. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வா. பெட்டியில் அழுக்குத் துணி மட்டும் இருந்தாலும் வா. செவ்வாய்க்கிழமை பஸ் நாலரைக்கு வருகிறது. நேரம் பலகையில் எழுதியிருக்கிறது, நானே வாசித்தேன்.

நீ எங்கே இருந்தாலும் காற்று உன்னிடம் மெதுவாக நடந்துகொள்ளட்டும். இங்கே தரை ஈரமாக இருக்கும்.

என்றும் உன்னை விசாரிக்கும் அப்பா,
கிளாரன்ஸ் ஹாஸ்கின்